நான்கு மணிக்கு ஒரு மிஸ்ட் கோல்

ஒருதரம் அடித்து நின்றால்
எழும்பிவிட்டேன் என்று பொருள்.
இரண்டுதரம் என்றால்
கணக்கொன்றில் சிக்கிக் கிடக்கிறேன்.
மூன்றுக்கு நாங்கள்
பொருள் எதுவும் வைக்கவில்லை.

கிண்ணியாவில் சிஃபானா.
பாலையூற்றில் நான்.
இருவருக்கும் இது செகண்ட் ஷை.
நடுவில்
தம்பலகாமக் குடாவின் கறுத்த தண்ணீர்,
ஒரு பாலம்,
காசில்லாத இரண்டு போன்கள்.

புரட்டாதியில் நேரசூசி கீறினேன்.
ஹாட்வெயார் கடைக் கலண்டரின் பின்பக்கம்,
நாலு நிறத்தில்.
பௌதிகத்துக்கு நீலம், இரசாயனத்துக்குப் பச்சை,
இணைந்த கணிதத்துக்குச் சிவப்பு.
நித்திரைக்கு மட்டும் பென்சில்,
அழித்து அழித்துக் குறைக்கலாம் என்று.
புதன்கிழமையே அது பொய்யாகிவிட்டது.
வியாழன் அதன் முகத்தைப் பார்க்க வெட்கமாயிருந்தது.
வெள்ளிக்கிழமை தம்பி
அதில் கிரிக்கெட் ஸ்கோர் எழுதினான்.

கடற்கரையில் இருந்து படித்தால்
மண்டையில் ஏறும் என்றார்கள்.
டச்சுக்குடாவுக்குப் போனேன்.
கடல் தன் எளிமை இசை இயக்கத்தை
எனக்கு எதுவும் விளங்கப்படுத்தாமல்
செய்துகொண்டே இருந்தது.
கோட்டைப் பக்கமிருந்து வந்த புள்ளிமான் ஒன்று
என் பாஸ்பேப்பரின் கடைசித் தாளை
ஆறுதலாக மென்று தின்றது.
சுவரில் சாய்த்த ஏணிக் கணக்கு அது.
மானுக்கு உராய்வுக் குணகம் செமித்துவிட்டது.
எனக்குத்தான் இன்னும் இல்லை.

போனில் கோட்டுப் போட்ட ஒருவர்
‘உன்னால் முடியும், உன்னால் முடியும்’ என்று
பதினெட்டு நிமிடமாகச் சொன்னார்.
டேட்டா தீர்ந்தது.
‘உன்னால் முடி’யில்
வாய் திறந்தபடி நின்றுவிட்டார்.

கலியாண வீட்டுப் பந்தியில்
வடை விழுவதற்கு முன் கேள்வி விழுகிறது,
“ரிசல்ட்ஸ் எப்படி, பிள்ளை?”
நான் பாயாசத்தைப் பார்க்கிறேன்.

ஆனாலும் நான்கு மணிக்குப் போன் அதிரும்.
அவள் எழும்பிவிட்டாள்.
நான் தோற்கக் கூடாது.
பதிலுக்கு ஒருதரம் அடிப்பேன்.
பிறகு
தலையணை கொஞ்சம் கூப்பிடும்,
ஐந்து நிமிடம்தானே என்று.

கார்த்திகை மழை. கரண்ட் இல்லை.
மூன்றே முக்காலுக்குப் போன் அதிர்ந்தது.
ஒன்று.
இரண்டு.
மூன்று.

யாருக்கு என்னவோ என்று
கடன் வாங்கிய ரீலோட்டில் அழைத்தேன்.
போர்வைக்குள்ளிருந்து வந்த குரல் அவளுடையது.
“அழாம கேளு.
மிஸ்ட் கோல் குடுத்துட்டுத் திரும்பிப் படுத்துருவேன்.
எல்லா நாளும் இல்ல.
கன நாள்.”

மழை ஓட்டில் கல்லெறிந்துகொண்டிருந்தது.
போன செவ்வாயை நினைத்தேன்.
அதற்கு முந்திய செவ்வாயை,
ஒரு முழு ஞாயிறை.
“நானும்தான்,” என்றேன்.

சிரித்தோம்.
அவள் உம்மா எழும்பிவிடுவா என்று
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
ஒருவரும் சத்தியம் பண்ணவில்லை.
இனிமேல் என்று ஒருவரும் தொடங்கவில்லை.
அவள்தான் கேட்டாள்,
“மான் திண்ட கணக்கு என்னட்ட இரிக்கி.
வாசிக்கட்டா?”

ஒப்பமான நிலைக்குத்துச் சுவர்.
கரடான கிடைத்தரை.
சீரான ஏணி.
ஒரு மனிதன் ஏறுகிறான்.
ஏணி வழுக்குவதற்கு முன் அவன்
எவ்வளவு தூரம்...

காசு முடிந்து அறுந்தது.

மெழுகுதிரியை அரிசிப் பேணியில் நட்டேன்.
சுவருக்கு ஒரு கோடு, தரைக்கு ஒரு கோடு,
ஏணிக்கு அடிமட்டம் வைக்கவில்லை,
கை நடுங்கியதில் கொஞ்சம் வளைந்தது.
மனிதனுக்கு ஒரு புள்ளி.
பெயர் தெரியாத அந்த ஆள்
ஏன் ஏறுகிறான் என்று கேள்வியில் இல்லை.
கூரை ஒழுகுதாக்கும்.

திருப்பம் எடுத்தேன். பிழைத்தது.
வேறு புள்ளியில் எடுத்தேன்.
பாங்கு கேட்டது.
கொழும்பிலிருந்து வந்த ரயில்
ஈரத்துக்குள் கூவியது.
மூன்றாம் வரி வரை வந்து
நான்காம் வரியில் நின்றுவிட்டேன்.

போனை எடுத்தேன்.
மிஸ்ட் கோலுக்குக் காசு தேவையில்லை,
ஒரு சதம் மிச்சமிருந்தால் போதும்.

இரண்டுதரம் அடித்தேன்.