எஞ்சினை அணைக்கும் இடம்

சவகாலிச் சந்தையைத் தாண்டி
செம்மண் சாலை மேலேறும் வளைவில்
தகரக் கூரை போட்ட சபைக்கூடம்.
ஞாயிறுதோறும் எனக்கு ஒன்பது பிள்ளைகள்.
மழை வந்தால் ஏழு.

போன வாரம் வீட்டுப்பாடம் கொடுத்தேன்:
உங்களுக்குப் பிடிக்காத ஒருவரிடம்
கடவுள் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறார்,
பார்த்துவிட்டு வாருங்கள்.
எழுத வேண்டாம். படம் போட வேண்டாம்.
பார்த்தால் போதும்.

சொல்வது சுலபம்.
எல்லோருக்குள்ளும் ஒரு வெளிச்சம் என்று
பன்னிரண்டு வருஷமாய்ச் சொல்லிச் சொல்லி
அந்த வாக்கியம்
சாம்பல் போட்டுத் தேய்த்த அலுமினியத் தட்டுபோல
மெலிந்துவிட்டது.
பசித்தவர் அதில் எதை வைத்துச் சாப்பிட்டார்களோ.

இன்று கிசியாதான் முதலில் எழுந்தான்.
கணக்கு வாத்தியார் அடிப்பதற்கு முன்னால்
கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பாராம்,
பிள்ளைகள்மேல் பட்டுவிடக் கூடாதென்று.
"அது கடவுளா?"
பாதிக் கடவுள், என்றேன்.
கூரைவரை சிரிப்பு.

லோகெடியின் சித்தப்பா
குடித்துவிட்டு வரும் இரவுகளில்
யார் காலையும் மிதிப்பார்,
மன்னிப்பு மட்டும் நாயிடம் கேட்பார்.
ஜும்பா, ஆட்டுத் தரகர் மனைவியை
வாரம் முழுக்கப் பார்த்தானாம்.
ஒன்றும் தென்படவில்லை.
இன்னொரு வாரம் பார், என்றேன்.
நல்ல ஆசிரியைபோல.

கடைசி பெஞ்சிலிருந்து ககேஹா.
எட்டு வயது. முன்பல் விழுந்த இடத்தில்
காற்று கலந்த பேச்சு.
"முதாகி" என்றாள்.

பிள்ளைகள் அமைதியாகவில்லை.
யாரோ பெஞ்சைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்,
யாரோ கொட்டாவி விட்டார்கள்.
நான் மட்டும்தான்
சாக்பீஸை இரண்டாக ஒடித்தேன்.

மூன்று வருஷம் முன்பு, ஒரு நாலு மணி மழையில்
பைக்கால் என் தம்பியை இடித்துவிட்டு
திரும்பிப் பார்க்காமல் போனவன் முதாகி.
தம்பியின் வலது கால் அன்றிலிருந்து மடங்காது.
பைக் சத்தம் கேட்டால்
தூக்கத்திலும் சுவரைப் பிடித்துக்கொள்வான்.
இந்த மலையில் இது தெரியாதவர்
இனிமேல் பிறக்கப்போகிறவர்கள்தான்.

ககேஹா சொன்னாள்:
"உங்க வீட்டு வெண்ணெய்ப்பழ மரம் வந்ததும்
எஞ்சினை அணைத்துவிடுகிறார், டீச்சர்.
ஏற்றத்தில்கூட.
சவாரி இருந்தால் இறங்கச் சொல்லித்
தள்ளிக்கொண்டே போகிறார்.
எங்க வீட்டு வாசல் வந்த பிறகுதான்
உதைத்துக் கிளப்புவார்.
எங்க பாப்பா தினமும் அழும்.
அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்காது."

பிறகு,
"சரியா, டீச்சர்?"

இந்த மூன்று வருஷமும்
இரவில் எங்கள் சாலை அமைதியாய் இருப்பதற்கு
முழங்காலிட்டு
நான் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி என்றேனா, தெரியவில்லை.
மழை பிடித்துக்கொண்டது.
தகரத்தின்மேல் அது விழும்போது
யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது இரவு பத்தரை.
தம்பி ஒருக்களித்துத் தூங்குகிறான்.
கீழே வளைவில் ஓர் எஞ்சின் இருமிக்கொண்டு வருகிறது.
மரம்.
நின்றுவிட்டது.

பிறகு சங்கிலியின் சின்னக் கிலுகிலுப்பு,
சேற்றிலிருந்து பிடுங்கும் செருப்பு,
பாரம் தள்ளுகிறவனின் மூச்சு.
எங்கள் சன்னல் ஓரத்தில் அந்த மூச்சுகூட
கொஞ்சம் அடங்குகிறது.

எழுந்தேன்.
தாழ்ப்பாள்மேல் கை வைத்தேன்.
இரும்பு ஈரமாய் இருந்தது, அல்லது என் கை.
வெளியே அறுபத்தெட்டு அடிகள். எண்ணினேன்.
தூரத்தில் ஓர் உதை, இன்னோர் உதை.
எஞ்சின் கிளம்பியது.
உங்கள் பாப்பா அழ ஆரம்பித்தாள்.

திறக்கவில்லை, ககேஹா.
திறக்கவில்லை.
ஆனால் கையை வைத்தேன்.

அடுத்த ஞாயிறு நீ கேட்டால் சொல்கிறேன்.
எனக்குப் பாதி மதிப்பெண் போடு.