நாற்பத்தொன்று

பெயர் கிடையாது, எண் மட்டும்: நாற்பத்தொன்று.
பெண். வயது ஐம்பத்தெட்டு. வலது முழங்கால்.
அறுவை அறையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்தது
கோழித்தோலின் அடிக்கொழுப்பைப் போல
மஞ்சளும் சிவப்புமாய் ஒரு துணுக்கு.

இரண்டு செல் தடிமனோடு நின்றிருக்க வேண்டிய சவ்வு.
மூட்டின் உள்சுவருக்கு ஒரு பூச்சு.
வழுக்கும் நீரைச் சுரந்துவிட்டுச்
சும்மா இருப்பதுதான் அதன் வேலை.
எண்ணிப் பார்த்தேன். பதினான்கு அடுக்கு.
விளிம்பில் குருத்தெலும்பைக் கடித்தபடி.

இது புற்று இல்லை என்பான் க்ரேஷோ.
அப்படியொன்றும் வேகமாகப் பெருகுவதுமில்லை,
சாக வேண்டிய நேரத்தில் சாக மறந்தவை, அவ்வளவுதான்.
தட்டு கழுவி விளக்கணைத்த பிறகும்
நாற்காலியை விடாத விருந்தாளிகள்.

அழற்சி செல்களைக் கழுவி அகற்றினோம்.
தூண்டிவிட இனி ஆளில்லை.
நான்கு முறை டிஷ் மாற்றி வளர்த்தோம்.
அப்படியும் தணியவில்லை,
அடித்தது யாரென்று மறந்துபோய்
அடிபட்டது மட்டும் நினைவிருப்பதைப் போல.

பிப்பெட் நுனியால் நடுவே ஒரு கோடு கீறுவேன்.
பனியில் வழுக்கி விழுந்து வந்த
வேறொருவரின் ஆரோக்கியமான செல்கள்
இரு கரையிலிருந்தும் நடந்துவந்து
தோள் உரசியதும் நின்றுவிடும்.
நாற்பத்தொன்று தோள்மேல் ஏறும்.
இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் என்கிறார்கள்.
நான் இடம் கொடுக்கவில்லை,
ஒரு கீறல்தான் கொடுத்தேன்.

நில் என்று சொல்லும் புரதம் ஒன்று
எல்லோருக்கும் உண்டு, இவளுக்கும்,
வாய்ப்பூட்டோடு.
பூட்டைத் திறக்க ஒரு மருந்து. அதற்கும் எண்தான்.
வெள்ளி மாலை சொட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கள் காலை
ஒன்றுகூடக் கீறலுக்குள் கால் வைத்திருக்கவில்லை!
கோட்டைக் கழற்றாமலே ஓடிவந்தாள் நெவென்கா.
க்ரேஷோ என்னைத் தூக்கிச் சுற்றினான்.
இறக்கிவிட்ட பிறகுதான் பக்கத்து டிஷ்ஷைப் பார்த்தேன்,
மருந்தே படாதது.
அதிலும் நின்றிருந்தன.
வெள்ளி இரவே கரண்ட் போயிருக்கிறது.
இன்குபேட்டர் ஜில்லிட்டுக் கிடந்தது.
நிறுத்தியது ஸாக்ரெப்பின் ஜனவரி.

மாலை, பதினொன்றாம் நம்பர் ட்ராம்.
ஓட்டுகிறவளின் விரல் கணுக்கள் புடைத்திருந்தன.
மணியை விரலால் அழுத்தாமல்
முஷ்டியின் பக்கவாட்டால் அடித்தாள்.
ஐம்பத்தெட்டு இருக்கும்.
அறுவை நடந்து பதினோரு வாரம் என்று கணக்குப் போட்டேன்.
இருக்கலாம். கேட்க எனக்கு அனுமதி இல்லை.
மாக்ஸிமிரில் இறங்க வேண்டியவள்
கடைசி நிறுத்தம்வரை போனேன்.
கம்பியைப் பிடித்து இறங்கினாள், வலது கால் முதலில்.
படி இறங்கும்போது நோவுள்ள கால் முதலில்
என்றுதான் பிசியோதெரபியில் பழக்குவார்கள்.
நானும் இறங்கினேன்,
எனக்கும் வலதுதான் முதலில் வந்தது.

புது டிஷ், புதுக் கீறல்.
இரண்டாம் முறை பூஞ்சை பிடித்தது.
மூன்றாம் முறை கரண்ட் இருந்தது,
பூஞ்சை இல்லை, பத்தில் ஆறு நின்றன.
மீதியில் ஒன்று, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே
பக்கத்துச் செல்லின் தோளில் கால் வைத்து
நெடுநேரம் அப்படியே இருந்தது.

“தயங்குகிறது” என்று குறிப்பேட்டில் எழுதினேன்.
நெவென்கா அதை அடித்துவிட்டு
நேரத்தை மட்டும் எழுதச் சொன்னாள்.
நாலு இருபது.