இடம்புரி

சீட்டு விழுந்த மாதம்
எங்கள் சந்தில் ஒரு வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்தது,
ஒரு வீட்டுக்குச் சுவரளவு டிவி.
எனக்கு லேத்.
நாலரை அடிப் படுக்கை, ஒரு பக்கம் துரு.
கொருக்குப்பேட்டை முனையில் திரும்ப மறுத்து
ஆறு பேரின் தோளைப் பழுக்க வைத்தது.
"தையல் மெஷினாம்மா?" என்றார் வீட்டு ஓனர்.
கொஞ்சம் கனமான தையல், என்றேன்.

இன்றைக்கு ஜெசிந்தாவின் வேலை.
காசிமேட்டில் ஐஸ் அரைக்கிறாள்.
தண்டின் முனையில் மரை தேய்ந்து
நட்டு கழன்று பிளேடு தகரத்தில் போய் அடித்ததாம்.
"மூணு மணிக்கு ஏலம்க்கா.
மீனு யாருக்கோசரமும் வெயிட் பண்ணாது."

பழைய இரும்புக் கடையில் காந்தத்தை வைத்துக் காட்டுகிறார்கள்:
பாரு, ஒட்டல, நல்ல சரக்கு.
ஒட்டாததெல்லாம் நல்ல சரக்கென்றால்
என் நாத்தனார்கூட முந்நூற்றுப் பதினாறுதான்.
உப்புத் தண்ணீரில் ஒரு மாதம் கிடக்கட்டும், தெரியும்.
குவியலைக் கிளறி முத்திரை குத்திய பம்ப் தண்டு ஒன்று எடுத்தேன்.
இரண்டு துண்டுக்குக் காணும்.

வளையலைக் கழற்றி ஆணியில் மாட்டிக்
கொண்டையை இறுக்கி
பதினொன்று அடிக்கக் காத்திருக்கிறேன்.
அதற்கு முன் தெரு முழுக்க ஏசி, மோட்டார் முனகும்.
பிறகு துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ்.
அது கடக்கும்போது வெட்டினால்
ஒவ்வொரு பெட்டியும் மரையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும்.

டம்ளரும் குடமும் ஆகிற அதே எவர்சில்வர்தான்.
கட்டையாக வந்தால் வேறு குணம்.
உளி தயங்கி உரசினால் போதும்,
உரசிய இடம் இறுகி
அடுத்த வெட்டில் உளியின் மூக்கைப் பெயர்க்கும்.
மெதுவாகச் சுற்ற வேண்டும், ஆழமாகக் கடிக்க வேண்டும்,
நடுவில் யோசிக்கக் கூடாது.
தேங்காயெண்ணெய் சொட்டுகிறேன்.
புகை, எண்ணெய் தேய்த்த தலையை
அடுப்பில் காட்டிய மாதிரி.
சுருள் சுருளாக வருவதைக் கையால் தொடுவதில்லை.
ஒருமுறை தொட்டேன். ஐந்து தையல், நிஜத் தையல்.

முதல் துண்டைக் கெடுத்தது எஃகு இல்லை, நான்.
அழகாக, பளபளவென்று, மயிரிழை பிசகாமல்
வலது மரை போட்டு வைத்தேன்.
பழைய நட்டைக் காட்டினால் ஏறவே இல்லை.
அந்த மெஷின் சுற்றுகிற சுற்றுக்கு
வலது மரை தானாகவே கழன்றுவிடும்.
வேண்டியது இடம்புரி.

சங்கில் வலம்புரிதான் அபூர்வம்,
கண்ணாடிப் பெட்டியில் பூ வைத்து விற்பார்கள்.
எங்கள் பக்கம் நேர்மாறு:
உலகமே வலது, எப்போதாவது ஒன்று இடம்.

இரண்டாவது துண்டு.
சக்குக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் தோண்டி
உளியை அதில் இறக்கி
வெளியே நடத்துகிறேன், எதிர்த் திசையில்.
என் லீட் ஸ்க்ரூவுக்கு அங்குலம்தான் தெரியும்,
மரை மில்லிமீட்டர்.
ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை.
பிடித்த பிடியை விட்டால் தடம் தவறும்.
ஒவ்வொரு வெட்டுக்கும் உளியைப் பின்னிழுத்து
மோட்டாரைத் திருப்பி, வந்த வழியே போய்,
மறுபடி ஒரு மயிரிழை.
பதினேழு முறை.
பாத்ரூமுக்கு எழுந்த என் வீட்டுக்காரர்
உடம்பைக் குறுக்கிக்கொண்டு
தண்டவாளம் தாண்டுவதுபோல் என்னைத் தாண்டிப் போனார்.

நட்டைக் காயவிட்டு ஏற்றக் கூடாது.
எவர்சில்வரும் எவர்சில்வரும் கிரீஸ் இல்லாமல் இறுகினால்
ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்.
அப்புறம் ரம்பம்தான் பிரிக்கும்.
விரல் நுனியால் கிரீஸ் பூசித் திருப்பினேன்.
இறங்கியது, சத்தமில்லாமல், கடைசி வரை.

இரண்டே முக்காலுக்கு ஸ்கூட்டி.
தண்டின் மேல் மார்க்கரால் அம்பு போட்டுக் கொடுத்தேன்.
கழற்ற வருகிறவன் பழக்கத்தில் தப்பாகத்தான் திருப்புவான்,
இன்னும் இறுக்கிவிட்டு என்னைத் திட்டுவான்.
"இன்னாக்கா, படம்லாம் வரஞ்சிகீற,"
என்று மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

கெட்டுப்போன துண்டு
உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் நிற்கிறது.
குறை ஒன்றுமில்லை அதில்.
ஊரில் இருக்கிற முக்கால்வாசி நட்டு
அதற்குச் சேரும்.