ஏழாம் மேடை

ஓல்டனுக்கு யாரும் வருவதில்லை,
இங்கே ரயில் மாறுகிறார்கள்.
நான் மட்டும் மாறாமல் ஒன்பது வருடம்
குளிர்க்கிடங்கின் இரண்டாம் மாடியில்
கருவிகளுக்கு விளக்கம் எழுதுகிறேன்.
எந்தக் கட்டளை எதைச் செய்யும்,
எதைக் கொடுத்தால் எது திரும்பி வரும்.

முன்பு அதை ஆட்கள் வாசித்தார்கள்.
அதாவது, வாசிக்கவில்லை,
ரேட்டோ ஹுன்ஸிக்கரைக் கேட்டார்கள்.
கோப்பிக் கோப்பையோடு வந்து தோளுக்குப் பின்னால் நின்று
"அதை அமத்தாதே, மற்றதை" என்பான்.
என் கையேட்டின் ஓட்டைகள் எல்லாவற்றிலும்
ரேட்டோ நின்றுகொண்டிருந்தான்.
எனக்கு அது தெரியாது.

இந்தக் குளிர்காலம் இரவு வேலைக்கு
ஒரு ஏஐ முகவரைச் சேர்த்தார்கள்.
நாற்காலி கேட்கவில்லை. பெயர்கூட இல்லை.
வந்த அன்றே
நான் எழுதிய அத்தனையையும் வரி விடாமல் வாசித்தது.
என்னை முழுதாக வாசித்த முதல் ஆள்,
ஆளில்லை.

பெப்ரவரி பதினொன்று, அதிகாலை மூன்று பன்னிரண்டு.
ரேட்டோ ராணுவப் பயிற்சியில், மலையில்,
கைபேசி அணைந்திருந்தது.
"ஏழாம் மேடையில் பழைய முன்பதிவு ஒன்று உள்ளது,
அதை நீக்க வேண்டும்" என்று
தன் குறிப்பில் எழுதிவிட்டுக்
கருவிகளைத் தேடியிருக்கிறது முகவர்.
கண்டது என் வரி:
மேடையைக் காலி செய்யும்.

காலி செய்தது.
ஓட்டுநர் இல்லாத வண்டிகள்
இருபத்திரண்டு பேலட் தயிரை
முற்றத்தில் கொண்டுபோய் வைத்தன.
மைனஸ் ஒன்பதில்
வரிசை குலையாமல் விடியும்வரை நின்றது தயிர்.

"முட்டாள் இயந்திரம்" என்றார் திருமதி ஏஷ்லிமன்.
கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினோம்.
நானும்.

அன்று மாலை நிலவறையில்
உடுப்புத் தோய்க்க என் முறை.
சுவரில் வீட்டுக்காரர் ஒட்டிய பழைய தாள்:
சிவப்பு விளக்கு எரிந்தால் இயந்திரம் பழுதில்லை, கதவு மூடவில்லை.
வடிகட்டியில் உள்ள பஞ்சை எடுப்பது நீங்கள், அடுத்தவர் அல்ல.
திறப்பைத் தொலைத்தால் என்னிடம் வாருங்கள். பூட்டை உடைக்க வேண்டாம்.
ஒன்பது வருடமாக அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.
அன்றுதான் யோசித்தேன்,
யாரோ உடைத்திருக்கிறார்கள்.
ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும்
ஒரு நாள் தண்ணீர் படிக்கட்டுவரை வந்திருக்கிறது.

ஈரக் கையோடு மடிக்கணினியைத் திறந்து
அந்த வரியின் வரலாற்றைப் பார்த்தேன்.
எழுதியவர்: நான்.
வெள்ளிக்கிழமை, நாலு நாற்பது.
லாங்கன்தால் ரயில் நாலு நாற்பத்தொன்பதுக்கு.
மூன்று சொல்லுக்குத்தான் நேரம் இருந்தது.
அதில் ஒன்று 'காலி'.
வீட்டையும் காலி செய்வோம்,
தட்டில் உள்ள சோற்றையும்,
"ஆள் காலி" என்றும் சொல்வோம்.
என் ஜெர்மன் சொல்லும் அப்படித்தான்,
ஒரே வாய், பல வயிறு.

மறுநாள் இப்படி எழுதினேன்:

மேடையில் இருக்கும் பொருட்களை வண்டிகள் தூக்கி
வெளி முற்றத்தில் வைக்கும். திரையில் அல்ல, உண்மையில்.
முன்பதிவை மட்டும் நீக்க இது வேண்டாம்;
அதற்குரிய கருவி கீழே.
குளிர்ப்பொருள் இருந்தால் அழைக்காதே.
இருக்கிறதா என்று தெரியாவிட்டால்
தெரியாது என்று சொல்லிவிட்டு நில்.

கடைசி வரியில் வெகுநேரம் நின்றேன்.
கூட்டத்தில்
எனக்கு யாராவது அதை எழுதித் தந்திருக்கலாம்.

ரேட்டோ திரும்பி வந்து வாசித்தான்.
"இவ்வளவுதானா நான்? ஏழு வரி?"
கோபமா பகிடியா, விளங்கவில்லை.
கோப்பி மட்டும் எனக்கும் ஒன்று கொண்டுவந்தான்.

வியாழன் இரவு சோதித்தோம்.
"ஏழாம் மேடையைக் காலி செய்."
முகவர் செய்யவில்லை.
திரையில் வந்த ஜெர்மனை
மனதுக்குள் தமிழாக்கினேன்:
மேடையில் ஒரு பொருள் தெரிகிறது. வகை தெரியவில்லை.
விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மேலங்கியை மாட்டிக்கொண்டு கீழே போனேன்.
விளக்கைப் போட்டேன்.
வெறும் சீமெந்துத் தரை, மூச்சுப் புகை.
தூணில் சாய்ந்தபடி
ஒரு விளக்குமாறு.