பத்துக்கு எத்தனை

கல்லலுக்கு வடக்கே, தைலமரக் காட்டை ஒட்டி
என் கேட்.
போன் மணி அடிக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் எண் சொல்வார்.
திருப்பிச் சொல்லி, நோட்டில் எழுதி,
சக்கரத்தைச் சுற்றிச் சாத்துவேன்.
பத்தொன்பது வருஷம். ஒரு நாள் பிந்தியதில்லை.

போன ஆவணியில்
சாத்திய கேட்டுக்குக் கீழே குனிந்து போனான்
பால்காரன் ஒருவன், கேனோடு.
ராமேஸ்வரம் வண்டி.
அவ்வளவுதான் சொல்வேன் எல்லோரிடமும்.
சரளைக்கல்லில் பால் எவ்வளவு நேரம்
வெள்ளையாகவே கிடக்கும் என்று
யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எந்த மணியும் அந்த மணி.
ஐஸ்காரன் மணி, கோயில் மணி, குக்கர் விசில்கூட.
மகள் மொபைலில் ஏதோ பாட்டு அடித்தால்
என் கை அவள் முதுகில் இருக்கும்.
எப்படிப் போனது என்று எனக்கே தெரியாது.
வீட்டுக்காரர் தாயத்து கட்டினார்.
மதுரையில் தலையைப் படம் எடுத்தார்கள்.
"சுத்தமா இருக்கும்மா" என்றார் டாக்டர்,
கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தைச் சொல்வதுபோல.

காரைக்குடியில், மருந்துக்கடைக்கு மேல்மாடி.
வியாழனுக்கு வியாழன்.
மெய்யம்மை என்று ஒரு பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள்.
சீட்டுப் பணம் கட்டப் போவதாக வீட்டில் பொய்.

காதுக்கு மேலே விரலை வைத்துச் சொன்னாள்:
"உள்ள பாதாம் பருப்பு அளவுக்கு ஒண்ணு இருக்கு.
மணி அடிக்கிறது அதோட வேலை.
என்ன வண்டி, வருதா போயிருச்சான்னு பாக்குறது
நெத்திக்குப் பின்னாடி.
ரெண்டுக்கும் நடுவுல லைன் சரியில்ல, பஞ்சவர்ணம்."
"யாரு வந்து சரிபண்ணுவா?"
"பேசிப் பேசித்தான்."
சிரிப்பு வந்தது எனக்கு.
ரயில்வேயில் ஒரு போல்ட்டை முடுக்க மூன்று கையெழுத்து வேண்டும்.
பேச்சு போய் ஒயர் இழுக்குமா?

கண்ணை மூடி அந்தக் காலையைச் சொல்லச் சொன்னாள்.
சொன்னேன். பத்துக்கு எத்தனை, பயம்? பத்து.
மறுபடி. பத்து.
மறுபடி. ஒன்பதரை.
மூன்றாவது வாரம் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.
பஸ் ஸ்டாண்டில் கடலை வாங்கித் தின்றுவிட்டுத்
திரும்பிப் போனேன்.
கதவைச் சாத்தாமல் வைத்திருந்தாள்.

எட்டாவது வாரமோ ஒன்பதாவதோ,
பால் கேன்வரை வந்து
வழக்கம்போல் அங்கே நிற்காமல்
ஒரு எட்டு பின்னால் போனேன்.
அங்கே ஒரு குரல் இருந்தது.
"ஏய், நில்லு!"
என் குரல்.
கத்தியிருக்கிறேன்.
அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்திருக்கிறான்.
இத்தனை மாசமாக அது எனக்குத் தெரியாது.

மெய்யம்மை ஒன்றும் சொல்லவில்லை.
கீழே யாரோ இருமல் மருந்துக்குப் பேரம் பேசினார்கள்.

உள்ளே என்ன மாறியது என்று
படம் எடுத்தவர்கள் காட்டட்டும்.
மணி இன்னும் அடிக்கிறது. நெஞ்சு இன்னும் தாவுகிறது.
ஆனால் மணிக்கும் கைக்கும் நடுவில்
ஓர் ஆள் நிற்க இடம் வந்திருக்கிறது.
சில நாள் அந்த இடத்தில் நான் இருக்கிறேன்.
சில நாள் இல்லை.

நேற்று மகள் மொபைல் அடித்தது.
கை தூக்கியாகிவிட்டது.
பாதி வழியில் அதைப் பார்த்தேன்.
அவளும் பார்த்தாள்.
"என்னம்மா?"
"ஏழு" என்றேன்.
அவசரமாக அணைக்கப் போனாள்.
"இருக்கட்டும், அடிக்கட்டும்."

"ஆறு."