முப்பத்திரண்டு எழுத்து

அட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே
படி ஏறிப் போகிற கடையில்
நாலு கொம்பு வைத்தது பதினாறாயிரத்து ஐந்நூறு,
ரெண்டு கொம்பு ஒன்பதாயிரம்.
கொம்பு கூடினால் வேகம் கூடுமா என்றேன்.
மாட்டுக்கே கூடாது தங்கச்சி, என்றார் ஃபர்சான்.

வீடு எப்படி, என்று கேட்டார்.
ரவுட்டர் வாங்க வந்தவளிடம்
வீட்டை எதற்குக் கேட்கிறார் இந்த மனுசன்.
லயம்தான், என்றேன்.
பன்னிரண்டு காம்பரா, நடுவில் எங்களது.
சுவர்?
கருங்கல். வெள்ளைக்காரன் காலத்துக் கல்.
குசினிக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு ஒன்று.
ஆனால் ஒரு சுவரும் கூரை வரை போகாது.

பேனையைக் கீழே வைத்தார்.
அலை ரெண்டு வகை.
வேகமானது கல்லைக் கண்டால் களைத்துவிடும்.
மெதுவானது சுவருக்குள் நுழைந்து போகும்,
பக்கத்து வீட்டுக்கும்.
பக்கத்து வீட்டுக்கு வேண்டாம், என்றேன்.
அதை அலையிடம் யார் சொல்வது, என்றார்.

பக்கத்து வீட்டில் யோகமலர்.
தீபாவளிக்கு முந்தின வாரம்
பீலிக்கரையில் அவள் குடம் உருண்டு நசுங்கியதிலிருந்து
பேச்சில்லை.
பேச்சில்லையே தவிர
அவள் ரொட்டி தட்டுவது கேட்கும்,
மகனை அதட்டுவது கேட்கும்.
என் தும்மலை அவள் எண்ணியிருப்பாள்.

ரெண்டு கொம்பைத்தான் வாங்கினேன்,
சிம் போடுகிற சாதி.
ஐந்நூறு குறைத்தார். ஒரு வருஷ கேரண்டி,
இடி விழுந்தால் இல்லை.
சித்திரை மாசம் பிளக்கைக் கழற்றிவிடுங்க,
மலையில் இடி யாரையும் கேட்டு விழாது.

சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால்
ரெண்டு கோடு.
இஸ்தோப்பு ஜன்னலில் மூன்று,
பனி இறங்கினால் ஒன்று.
கடைசியில் குசினியில், அரிசி டின்னுக்கு மேல்,
எதிர் மலை டவரைப் பார்த்தபடி
நாலு கோடும் எழுந்து நின்றது.
இனி ராத்திரியில்
கொழும்புக் கம்பெனிக்கு பில் அடித்துக் கொடுக்கலாம்,
பில்லுக்கு நாலு ரூபா.

பெயர் வை என்றது பெட்டி.
முப்பத்திரண்டு எழுத்துக்கு மேல் எடுக்காதாம்.
என் பெயரைத்தான் போடப் போனேன்.
விரல் வேறு எதையோ அடித்தது, இங்கிலீசு எழுத்தில்:
குடம் நான் தள்ளல.

மறுநாள் லயத்தில் எல்லார் போனிலும் அது.
பிள்ளை மடுவத்து வாசலில் பிரிஸில்லா
என்னைக் கண்டதும்
இடுப்பில் இல்லாத குடத்தைச் சரிசெய்தாள்.

நாலாம் ராத்திரி
என் பெயருக்குக் கீழே புதிதாக ஒன்று,
யாரோ போனில் திறந்துவிட்ட ஹொட்ஸ்பொட்:
அப்ப யார் தள்ளினது.

யாரோவா? சுவருக்கு அந்தப் பக்கம்
பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றிருந்தது.

பாசி வழுக்கிச்சு, என்று மாற்றினேன்.
பெயரை மாற்றினால் எல்லாம் அறுந்துபோகும்,
புதிதாகக் கோர்க்க வேண்டும் என்று
ஃபர்சான் சொல்லவில்லை.
அடித்து முடித்த பதினோரு பில் போயிற்று,
நாற்பத்து நாலு ரூபா.
பதில் வர ரெண்டு நாள்:
அன்னைக்கே சொல்லியிருக்கலாம்.

அதற்கு நான் ஒன்றும் எழுதவில்லை.
எழுத எனக்கு
முப்பத்திரண்டு எழுத்து காணாது.

பொங்கலுக்குப் பிறகு ஒரு பகல்.
கம்பெனிக்காரன் அவசரம் என்கிறான்,
தலை நிமிராமல் அடிக்கிறேன்.
நெட் ஒருதரம் விழுந்து எழுந்தது,
லிஸ்டைத் திறந்தேன்.
துணி நனையுது.

ஓடினால், கொடியில் பாதிதான் மிச்சம்.
மீதி அவள் தோளில்,
என் மகளின் வெள்ளை யூனிஃபார்ம் மேலே.
வாங்கிக்கொண்டேன்.
அவளும் ஒன்றும் சொல்லவில்லை, மழை பெரிதாக இருந்தது.

அன்றைக்கு ராத்திரி
அவள் மகன் கிரிசாந்தன் பாட வீடியோ
சுற்றிச் சுற்றி நிற்பது கேட்டது,
ஒரே வாத்தியார், ஒரே அரை வசனம்.
ஏ-எல் சோதனைக்கு ஏழு மாசம் இருக்கு அவனுக்கு.

நாற்காலியைச் சுவரோரம் இழுத்து ஏறி
கூரைக்கும் கல்லுக்கும் நடுவில் கறுத்துக் கிடந்த சந்தில்
பாஸ்வேர்டைச் சொன்னேன்,
ஒவ்வோர் எண்ணாக,
யாருக்கும் இல்லை என்கிற குரலில்.

அந்தப் பக்கம் பென்சில் தேடுகிற சத்தம்.
பிறகு,
மூன்று மாசத்துக்குப் பிறகு,
அவள்:

கடைசி என்ன,
அஞ்சா, ஒம்பதா?