பதினேழாம் காத்தாடி

ஆடி பிறந்து நாலாம் நாள்.
பணகுடிப் பக்கம் காற்று
லாரிகளின் தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.
பாளையங்கோட்டையில், மாடி அறையில்,
என் திரையில் மட்டும்
பதினேழாம் காத்தாடி நிற்கிறது.

"சுத்துது மேடம், கண்ணால பாத்துக்கிட்டுல்லா நிக்கேன்"
என்கிறார் மாசானமுத்து.
அவர் போனுக்குள் இறக்கையின் சத்தம்
வந்து வந்து போகிறது.

உள்ளே இருப்பதை அச்சிடு என்றேன்.
மொழி சொன்னது: பொருள்.
கூடவே ஒரு நினைவக எண், பன்னிரண்டு எழுத்து.
பொருளே, உன் பொருள் என்ன?
பெயரைக் கேட்டால்
கதவு எண்ணைச் சொல்கிற ஆளை
என்ன செய்ய.

சரி, உனக்கு வாய் நான் வைக்கிறேன்.
பெயர், வேகம், திசை, கடைசியாய்ப் பேசிய நேரம்.
ஊருக்குச் சொல்ல ஒரு விதம்,
தலைவாரிப் பொட்டு வைத்து.
எனக்குச் சொல்ல வேறு விதம்,
சட்டையைத் திருப்பிப் போட்டாற்போல
தையலும் நூல்முனையும் தெரிய.

முதல் விதத்தில் அது
பணகுடி-17 என்றது.
பட்டியலிலும் பணகுடி-17.
இரண்டும் ஒன்றல்ல என்று அடம்பிடிக்கிறது நிரல்.
மணி இரண்டேகால்.
காப்பி ஏடு கட்டிவிட்டது.

இரண்டாம் விதத்தில்
பெயருக்கு இருபுறமும் மேற்கோள் வந்து நின்றது.

"பணகுடி-17 "

ஏழுக்கும் குறிக்கும் நடுவே
ஒரு நெல் அகலம்
ஒன்றுமில்லாமல்.

வேலி போட்ட பிறகுதான் தெரிகிறது
அங்கே தரிசு கிடந்தது.

பதிவைப் பார்த்தேன்.
பெயர் ஏற்றியவர் மாசானமுத்து,
முந்தாநாள், விடியற்காலை மூன்று பன்னிரண்டு.
கட்டைவிரல் நீளப் பொத்தானில்
ஒருமுறை கூடுதலாக விழுந்திருக்கிறது.
"அன்னைக்கி ராத்திரி என்ன அண்ணாச்சி?"
போனில் இறக்கை மூன்று முறை கடந்தது.
"ஒண்ணுமில்ல மேடம்."

வெறுமை ஒரு வகை.
வெறுமை என்று எழுதிய சொல் இன்னொரு வகை.
சொல்லுக்கு மேற்கோள் உண்டு,
வெறுமைக்குக் கிடையாது.
எத்தனை ராத்திரி இதைப் போட்டு
மண்டையை உடைத்திருக்கிறேன்.
அவர் சொன்னது எந்த வகை என்று
அச்சிட்டுப் பார்க்க வழியில்லை.

நுனியைக் கத்தரித்தேன்.
திரையில் பதினேழு சுற்றத் தொடங்கியது,
நிமிடத்துக்குப் பதினாறு புள்ளி நாலு.
"வந்துட்டு அண்ணாச்சி."
"ம்."

அச்சிடும் வரியை அழிக்கவில்லை.
பிறகு எடுக்கணும் என்று
பக்கத்தில் எழுதி வைத்தேன்.
அவர் இன்னும் போனை வைக்கவில்லை.
நானும்.